மஞ்சுக்குள் கட்டம் கட்டமாய்: நோக்கியா 6600 எடுத்த படங்கள் ஏன் அப்படி இருந்தன?

போன மாதம் அக்கா வீட்டுப் பரணை ஒழித்தபோது பழைய மெமரி கார்டு ஒன்று கிடைத்தது. 32 எம்பி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோவுக்கே அது பத்தாது. அதற்குள் நூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. அதில் ஒன்றைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அக்கா மகன் கேட்டான்: "மாமா, அம்மாயிக்குப் பின்னாடி என்ன இது, டைல்ஸ் ஒட்டுன செவுரா?"

சுவரெல்லாம் இல்லை. குன்னூரிலிருந்து லேம்ப்ஸ் ராக் போகிற வழியில், தேயிலைத் தோட்டத்து ஓரமாக அம்மாவை நிறுத்தி 2005-இல் நோக்கியா 6600 போனில் நான் எடுத்த படம். பின்னால் இருப்பது மஞ்சு. மூடுபனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து, பத்தடி தள்ளி நிற்பவரையும் மறைத்துவிடும் வெள்ளை அது. படத்தில் அந்த வெள்ளை, சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து கிடக்கிறது. அம்மா போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரில் அவரே பின்னிய டைமண்ட் டிசைன் உண்டு. படத்தில் அது வெறும் சிவப்புத் திட்டு. மூக்குத்தி ஒரு வெள்ளைப் பொட்டு.

"கேமரா மட்டம், அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மொபைல் கடையில் வேலை பார்த்தவன் நான். அந்த செட்டைத் திறந்து மூடி, பேனல் மாற்றி, சாஃப்ட்வேர் ஏற்றிப் பழகியவன். 0.3 மெகாபிக்சல் என்ற ஒரே எண்ணின் தலையில் எல்லாப் பழியையும் போடுவதை ஏற்க மனம் வரவில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் லென்ஸ், வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார், கோப்பைச் சுருக்கும் முறை, திரை, மெமரி, அனுப்பும் வழி என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. எங்கள் மலையில் அந்தச் சங்கிலி இற்றுப்போன இடம் வேறு, தாங்கிப் பிடித்த இடம் வேறு.

முதலில் செட்டைப் பற்றிக் கொஞ்சம். நோக்கியா 6600-ஐ நிறுவனம் அறிவித்தது 2003 ஜூனில். 122 கிராம் எடை, கிட்டத்தட்ட 24 மில்லிமீட்டர் தடிமன். கையில் எடுத்தால் பாதி தேய்ந்த குளியல் சோப்பைப் பிடித்தது மாதிரி இருக்கும். சிம்பியன் 7.0 இயங்குதளம், 104 மெகாஹெர்ட்ஸ் புராசஸர், 6 எம்பி உள் நினைவகம், எம்எம்சி என்ற வகை மெமரி கார்டு போட ஓர் இடம், ப்ளூடூத், இன்ஃப்ராரெட், ஜிபிஆர்எஸ் என்ற அந்தக் காலத்து மொபைல் இணையம். 176-க்கு 208 புள்ளிகள் கொண்ட, 65,536 நிறம் காட்டும் திரை. நடுவில் ஜாய்ஸ்டிக், அது தேய்ந்து ஒரு பக்கம் மட்டும் நகராமல் போவது எங்கள் கடையின் நிரந்தர வருமானம். கேமரா பின்புறம், மேலே. 640-க்கு 480 புள்ளி, அதாவது விஜிஏ. ஃப்ளாஷ் கிடையாது.

கேமரா வைத்த முதல் போன் இது இல்லை. 1997 ஜூன் 11 அன்று அமெரிக்காவில் பிலிப் கான் என்ற மென்பொருள் தொழில்முனைவர், பிறந்த மகளைப் படமெடுத்து மருத்துவமனையிலிருந்தே நண்பர்களுக்கு அனுப்பினார். கேமரா, மடிக்கணினி, செல்போன் மூன்றையும் வயரால் இணைத்துச் செய்த வேலை அது. 1999-இல் ஜப்பானில் கியோசெரா விபி-210 வந்தது. 2000 நவம்பரில் அதே நாட்டில் ஷார்ப் ஜே-எஸ்எச்04 வந்தது. 1,10,000 புள்ளிதான், ஆனால் எடுத்த படத்தை அந்தப் போனிலிருந்தே அனுப்பலாம். நோக்கியாவின் முதல் கேமரா போன் 7650. 2001 கடைசியில் அறிவித்து மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதிலும் விஜிஏ கேமராதான், ஆனால் மெமரி கார்டு போட இடமில்லை. அந்த ஒரு குறையை 6600 தீர்த்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மெகாபிக்சல் பேச்சை எடுத்தால் முதலில் சொல்ல வேண்டியது திரை செய்த ஏமாற்று வேலை. படத்தில் 3,07,200 புள்ளி. திரையில் 36,608 புள்ளி. எடுத்ததில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கண்ணுக்குக் காட்டுகிறது செட். அவ்வளவு சுருக்கிக் காட்டினால் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். கை நடுங்கியிருந்தாலும் தெரியாது, கட்டம் கட்டமாக இருந்தாலும் தெரியாது. கடைக்கு வருபவர்கள் செட்டில் பார்த்து "என்னா கிளியரு!" என்பார்கள். அதே படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினால், "உங்க கம்ப்யூட்டர் சரியில்லைங்க" என்பார்கள். நான் சண்டைக்குப் போனதில்லை. அவர்கள் கண்ணால் கண்டதைத்தானே சொல்கிறார்கள்.

இனி அந்தச் சதுரங்கள்.

ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். எண்ணுக்கு ஒரு பைட். 3,07,200 புள்ளிக்கு 9,21,600 பைட், சரியாக 900 கேபி. 6 எம்பி உள்ள போனில் அப்படியே சேமித்தால் ஆறேழு படத்தில் கதை முடிந்துவிடும். அதனால் ஜேபெக் முறையில் சுருக்குகிறார்கள். அம்மா படத்தின் கோப்பு 41 கேபிதான். ஏறக்குறைய 22 பங்கில் ஒன்று.

இந்தச் சுருக்கம் எப்படி நடக்கிறது? படம் முதலில் 8-க்கு 8 புள்ளிச் சதுரங்களாக வெட்டப்படும். 640-க்கு 480 என்றால் குறுக்கே 80, நெடுக்கே 60. மொத்தம் 4,800 சதுரம். ஒவ்வொரு சதுரத்துக்கும் "சராசரி வெளிச்சம் இவ்வளவு, அதற்கு மேலே ஏற்ற இறக்கம் இப்படி இப்படி" என்று கணக்கு எழுதப்படும். பிறகு, சின்ன ஏற்ற இறக்கங்களைக் கண்ணால் பிடிக்க முடியாது என்ற நம்பிக்கையில் அவை தூக்கி எறியப்படும். பெரிய ஏற்ற இறக்கங்கள் மட்டும் தங்கும்.

தேயிலைச் செடி நிறைந்த இடத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. இலைக்கு இலை வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருவதால் எறிந்தது போக மிச்சம் நிறைய இருக்கும். சதுரத்தின் ஓரம் அந்தக் கலவரத்தில் ஒளிந்துகொள்ளும். மஞ்சு அப்படி இல்லை. அதில் இருப்பதே சின்ன ஏற்ற இறக்கம்தான். கீழே கொஞ்சம் சாம்பல், மேலே போகப் போக வெள்ளை, நடுவில் கோடு போட முடியாத நகர்வு. அந்த நகர்வைத்தான் கணக்கு தூக்கி எறிந்துவிட்டது. ஒவ்வொரு சதுரத்திலும் மிஞ்சியது சராசரி மட்டும். பக்கத்துச் சதுரத்தின் சராசரி ஒரு படி கூடவோ குறையவோ இருக்கும்; அந்த ஒரு படிதான் டைல்ஸ் இடுக்கு மாதிரி கோடாகத் தெரிகிறது.

அக்கா மகனுக்கு எண்ணிக் காட்டினேன். அம்மாவின் வலது தோளிலிருந்து படத்தின் ஓரம் வரை 23 சதுரம். தோளுக்குக் கீழே தேயிலை தொடங்குகிற இடத்தில் ஒரு சதுரம்கூட கண்ணுக்குப் படவில்லை. ஒரே படம், ஒரே கேமரா, ஒரே கணக்கு. கோடை வெயிலில் அதே இடத்தில் எடுத்திருந்தால் வானத்தில் மட்டும்தான் லேசாகக் கட்டம் விழுந்திருக்கும். சமவெளியில் இந்த செட்டை வைத்திருந்தவர்கள் இதைப் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு வருஷத்தில் பாதி நாள் மஞ்சு.

மஞ்சு இன்னொரு வேலையும் செய்கிறது. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளையாக ஒரு காட்சி வந்தால் "ரொம்ப வெளிச்சமா இருக்கே" என்று குறைத்துவிடும். வெள்ளை மஞ்சு அழுக்கு வேட்டி நிறத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் நிற்கிற ஆளின் முகம் கறுத்துப்போகும். ஊட்டியில் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு இது தெரியும். மஞ்சில் எடுக்கும்போது மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வைப்பார்கள். நாங்கள் ஜாய்ஸ்டிக்கை அமுக்குவதோடு சரி.

அந்த ஸ்டுடியோக்காரர்களைச் சொன்னதும் இந்து நகரைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. ஊட்டியின் இந்து நகரில்தான் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு ஆலை இருந்தது. 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து நாடு முழுக்கப் போயிற்று. தூசி குறைந்த காற்றும் குளிரும் பிலிம் தொழிலுக்குத் தோதானவை. பிலிமில் மருந்து பூசும் பகுதியில் இருட்டிலேயே வேலை பார்த்த ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். வீட்டில் கரண்ட் போனால் எல்லோரும் மெழுகுவர்த்தி தேடுவோம். அவர் பாட்டுக்கு எழுந்து போய் எதையும் தட்டாமல் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வருவார்.

"செல்போன் கேமரா வந்துதான் பிலிம் கம்பெனிய மூடுச்சு" என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். அது கணக்குக்கு ஒத்துவரவில்லை. 1990-களின் நடுவிலேயே அந்த ஆலை நலிந்த நிறுவனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. அப்போது உலகத்தில் எந்தக் கடையிலும் கேமரா போன் கிடையாது. பிற்பாடு டிஜிட்டல் வந்து, மீண்டு எழ இருந்த வழியை அடைத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். விழுந்த கதை வேறு.

பிலிமையும் போன் சென்சாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர். அந்தக் காலத்து விஜிஏ சென்சார்கள் பெரும்பாலும் கால் அங்குல வகை அல்லது அதைவிடச் சின்னவை. கால் அங்குல வகை என்றால் சுமார் 3.6-க்கு 2.7 மில்லிமீட்டர். ஒரு மிளகை வைத்தால் மறைந்துவிடும். பரப்பில் பிலிமின் ஏறக்குறைய 90 பங்கில் ஒன்றுதான். மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் அண்டா வைப்பதற்கும் தம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். வெளிச்சம் கொட்டும்போது தம்ளரும் நிறையும். மஞ்சு மூடிய மாலை நாலரை மணிக்குத் தம்ளரில் நாலு சொட்டு விழும். அந்த நாலு சொட்டைப் பெருக்கிக் காட்டும்போதுதான் படமெங்கும் மணல் தூவினது மாதிரி புள்ளி விழுகிறது.

குளிர் ஒரு விதத்தில் சென்சாருக்குச் சகாயம் செய்தது. சென்சாரில் வெளிச்சமே படாதபோதும், சூட்டினால் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். வெப்பநிலை ஏழெட்டு டிகிரி ஏறினால் இந்தக் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஜனவரி உறைபனி ராத்திரியில் நைட் மோடு போட்டு எடுத்தால் இந்தக் கசிவு கோவையில் எடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அதே குளிரில் பேட்டரி படுத்துவிடும். பிஎல்-5சி என்ற அந்த 850 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி, குளிரில் உள்ளே இருக்கும் சார்ஜைச் சரியாக வெளியே தராது. இரண்டு கோடு காட்டிக்கொண்டே இருந்து பட்டென்று அணைந்துவிடும். செட்டை ஸ்வெட்டருக்கு உள்ளே, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்வோம். உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் மறுபடி உயிர் வரும். சட்டைப் பையிலும் ஒரு வம்பு உண்டு. ஈர ஸ்வெட்டருக்குள் வெதுவெதுப்பான காற்றில், வெளியே சில்லிட்டிருந்த லென்ஸ் கண்ணாடியை வைத்தால் ஆவி படியும். எடுத்துத் துடைக்காமல் படம் எடுத்தால் வெளியே இல்லாத மஞ்சும் படத்துக்குள் வந்துவிடும்.

லென்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஃபோகஸ் நிலையானது. முன்னும் பின்னும் நகராது. சென்சார் சின்னது என்பதால் சில அடி தூரத்திலிருந்து மலை முகடு வரை எல்லாம் ஓரளவு தெளிவாக விழும். கிட்டத்தில் வைத்தால் மங்கும். ரேஷன் கார்டைப் படமெடுத்து அனுப்ப முயன்ற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஒரு எழுத்தும் தேறாது. ஜூம் என்று இருந்ததும் வெறும் வெட்டி ஒட்டும் வேலை. நடுவிலிருக்கும் 320-க்கு 240 புள்ளியை எடுத்து இழுத்து 640 ஆக்கித் தரும். நான் யாருக்கும் அதைத் தொடச் சொன்னதில்லை.

சிவப்பு ஸ்வெட்டருக்கு வருகிறேன். சென்சாரில் உள்ள புள்ளிகள் எல்லாம் எல்லா நிறத்தையும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி உட்கார்ந்திருக்கும். வழக்கமான பேயர் அமைப்பில் பாதிப் புள்ளிக்குப் பச்சை, காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். ஆக 3,07,200 புள்ளியில் பச்சை பார்ப்பவை 1,53,600; சிவப்பு பார்ப்பவை 76,800 மட்டும். மீதி எண்களை அக்கம் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமராவே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கம் அதிகம் பார்க்கும் என்பதால் இப்படி ஒரு பங்கீடு. அதற்கு மேல், ஜேபெக் சுருக்கும்போது வெளிச்சத் தகவலை வைத்துக்கொண்டு நிறத் தகவலை மட்டும் பாதியாகவோ காலாகவோ குறைப்பது வழக்கம்.

தேயிலைத் தோட்டம் தப்பித்துக்கொண்டதற்கும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டதற்கும் காரணம் இதுதான். பச்சைக்குப் பாதிப் புள்ளி கிடைத்தது. பளிச்சென்ற சிவப்பு, பச்சைப் புள்ளிகளுக்கும் நீலப் புள்ளிகளுக்கும் கிட்டத்தட்ட இருட்டு. கால் பங்கு சிவப்புப் புள்ளிகளே முழு வேலையும் செய்ய வேண்டும். பின்னலின் மேடு பள்ளம் சொல்லும் தகவல் வடிகட்டியில் பாதி போய், சுருக்கியதில் மீதி போய், கடைசியில் ஒரு திட்டு. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்தவர்கள் கடையில் கார்டைக் கொடுத்துப் படம் இறக்கச் சொல்லும்போது இதை ஒவ்வொரு வருஷமும் பார்ப்பேன். வெள்ளைப் பூவும் மஞ்சள் பூவும் ஓரளவு பூவாக இருக்கும். சிவப்பு ரோஜா மட்டும் குங்குமத்தைக் கொட்டினது மாதிரி.

ஓடுகிற பொருளை எடுப்பது இன்னொரு தமாஷ். இந்த வகை மலிவு விலை சென்சார்கள் 480 வரிசையையும் ஒரே சமயத்தில் படிக்காது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாகப் படித்துக்கொண்டு வரும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்தால், முதல் வரிசை படிக்கும்போது ஓர் இடத்தில் இருந்த சில்வர் ஓக் மரம் கடைசி வரிசைக்குள் நகர்ந்துவிடும். படத்தில் மரமெல்லாம் காற்றில் சாய்ந்தது மாதிரி ஒரே பக்கமாகச் சரிந்து நிற்கும். மலை ரயிலில் அந்தச் சிக்கல் தெரியாது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத் தண்டவாளத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வாக்கில் ஏறுகிற ரயில் அது. ஆனால் அமுக்கியதற்கும் படம் விழுவதற்கும் நடுவே ஒரு தாமதம் உண்டு. ரயில் எவ்வளவு மெதுவாக வந்தாலும் ஒரு நொடிக்குள் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நகர்ந்துவிடும். என்ஜினை எடுக்க நினைத்தவர்கள் கையில் பெட்டி கிடைக்கும், பெட்டியை எடுக்க நினைத்தவர்கள் கையில் புகை கிடைக்கும். 2005-இல் யுனெஸ்கோ அந்த ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது எங்கள் ஊரில் எத்தனை செட்டில் அந்தப் புகை இருந்தது என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இதுவரை சொன்னது சங்கிலி இற்ற இடங்கள். தாங்கிய இடம் கேமராவுக்கு வெளியே இருந்தது.

படத்தை எடுத்த பிறகு அது எங்கே போகும்? நிறுவனங்கள் நினைத்திருந்தது எம்எம்எஸ். படம் எடு, டவர் வழியாக அனுப்பு, ஒவ்வொன்றுக்கும் காசு கொடு. செட்டே அதற்குத் தகுந்தபடி அமைந்திருந்தது. வீடியோ ஏறக்குறைய பத்து வினாடியோடு நின்றுவிடும். எம்எம்எஸ்-இல் போகும் அளவுக்கு, 100 கேபிக்குள் கோப்பு இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த வரம்பு அது. பத்து வினாடியில் என்ன எடுப்பது? "ஹாப்பி பர்த்டே டூ" வரை பாடுவோம், "யூ" வருவதற்குள் நின்றுவிடும்.

சமவெளியில் எம்எம்எஸ் எப்படியோ, மலையில் அது எடுபடவில்லை. ரேடியோ அலை மேட்டைத் துளைத்துக்கொண்டு வராது. டவருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு குன்று வந்தால் நிழல் விழுகிற மாதிரி சிக்னலுக்கும் நிழல் விழும். குன்னூர் கடைவீதியில் நாலு கோடு, வளைவு திரும்பிக் கோத்தகிரி சாலையில் இறங்கினால் பூஜ்யம். ஜிபிஆர்எஸ் நன்றாக இருக்கும்போது 41 கேபி படம் போகப் பத்துப் பதினைந்து வினாடி ஆகும். நடுவில் ஒரு தடவை சிக்னல் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செட்டிங்ஸ் சரியாக இருந்தால்தான் அதுவும். அந்த செட்டிங்ஸை வரவழைக்கவே தனியாக மெசேஜ் அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

ப்ளூடூத்துக்கு டவர் வேண்டாம். பத்து மீட்டருக்குள் இருந்தால் போதும், காசு கிடையாது. எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு கோடியில் எடுத்த படம் மறு கோடிக்குச் சாயங்காலத்துக்குள் போய்விடும். ஒருவர் செட்டிலிருந்து இன்னொருவர் செட்டுக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு. மினி பஸ்ஸில் ஏறி ப்ளூடூத்தைத் தேட விட்டால் பஸ்ஸில் இருப்பவர்களின் பட்டப்பெயர் எல்லாம் திரையில் வரிசையாக வரும். இதோடு ஒப்பிட்டால் இன்ஃப்ராரெட் பழைய காலத்து ஆள். இரண்டு செட்டையும் மேசைமேல் முகத்துக்கு முகம் வைத்து, முடியும் வரை யாரும் தட்டிவிடாமல் காவல் காக்க வேண்டும்.

மெமரி கார்டு அதற்கும் மேல். 7650-இல் உள்ளே நிரம்பிவிட்டால் அழிக்க வேண்டியதுதான். 6600-இல் பின்மூடியைக் கழற்றிக் கார்டை எடுத்துக் கடையில் கொடுத்தால், ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கி, சிடியில் எழுதித் தருவோம். ஒரு படத்துக்கு 50 கேபி என்று வைத்தால் 32 எம்பியில் 600-க்கு மேல் பிடிக்கும். 36 படம் உள்ள பிலிம் ரோலை வாங்கிப் பார்த்துப் பார்த்து எடுத்த வீடுகளில் இந்த எண் என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிலிமில் வீட்டு நாய்க்கு யாரும் படம் செலவழித்ததில்லை. கார்டில் பாதி நாய்தான்.

இதே ப்ளூடூத் வழியாக வினையும் வந்தது. 2004 ஜூனில் உலகம் கேபிர் என்ற பெயரைக் கேட்டது. சிம்பியன் செட்டுகளில் ப்ளூடூத் வழியாகத் தானாகப் பரவிய புழு அது. மறு ஆண்டு வந்த காம்வாரியர் எம்எம்எஸ் வழியாகவும் பரவியது. கேபிர், பக்கத்தில் வந்த செட்டுக்கெல்லாம் "ஏற்றுக்கொள்ளவா?" என்று கேள்வி அனுப்பும், வேண்டாம் என்றால் மறுபடி கேட்கும், மறுபடி கேட்கும். தொந்தரவு தாங்காமல் சரி என்று அமுக்கி, வந்ததை இன்ஸ்டால் செய்தால் உள்ளே புகுந்துவிடும். பிறகு உங்கள் செட் அடுத்தவரைக் கேட்க ஆரம்பிக்கும். பெரிய சேதம் என்று கேபிர் எதையும் செய்யவில்லை. இடைவிடாமல் ப்ளூடூத் தேடிக்கொண்டே இருந்ததில் பேட்டரி அரை நாளில் காலி. காலையில் சார்ஜ் போட்டது மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகிறது என்று கடைக்கு வந்தவர்களில் சிலருக்குக் குளிர் காரணம், சிலருக்கு இந்தப் புழு காரணம். ஸ்வெட்டருக்குள் வைத்தும் சரியாகவில்லை என்றால் புழு என்பது எங்கள் கடை வைத்தியம்.

ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்தப் படங்கள் பிடிக்கவே இல்லை. கார்டைக் கொண்டுபோய்ப் போஸ்ட்கார்டு சைஸில் பிரிண்ட் கேட்பார்கள். ஆறு அங்குல அகலத்துக்கு 640 புள்ளியைப் பரப்பினால் அங்குலத்துக்கு 107 வரும். நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும். 300-இல் போட்டால் இரண்டு அங்குலம் சொச்சம்தான் அகலம். ஒரு பாஸ்போர்ட் படத்தைவிடக் கொஞ்சம் பெரியது. "இதப் போய் பெருசு பண்ணச் சொல்றீங்களே" என்று அவர்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான். ஆனாலும் யாராவது இறந்துபோனால், இருக்கிற ஒரே படம் செல்போனில் எடுத்ததாக இருந்தால், அதையே பெரிதாக்கி மாலை போட்டு மாட்டுவார்கள். மலையில் பல வீடுகளின் சுவரில் இன்னும் அந்தச் சதுரங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கின்றன.

வீட்டில் இப்படிக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்எம்சி கார்டு எஸ்டி கார்டின் நீள அகலத்தில்தான் இருக்கும், தடிமன் மட்டும் குறைவு. எஸ்டி ரீடர்கள் பலவற்றில் வேலை செய்யும். முதலில் கோப்புகளை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அந்த 8-க்கு 8 கணக்கு மறுபடி நடக்கும், மறுபடி கொஞ்சம் எறியப்படும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதைதான். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும். கோப்பில் உள்ள தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டுத் தேதி வைக்காமலே படம் எடுத்தவர்கள் ஏராளம், நான் உட்பட.

அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, படத்தைத் தெளிவாக்கும் ஒரு ஆப்பில் அதைப் போட்டான். அரை நிமிஷத்தில் மஞ்சு வழவழவென்று வந்தது. சதுரம் ஒன்றுகூட இல்லை. ஸ்வெட்டரில் அழகான பின்னலும் வந்திருந்தது, கயிறு முறுக்கினது மாதிரி. அம்மா பின்னியது டைமண்ட். சென்சார் பார்க்காததை அந்த ஆப் எங்கிருந்து கொண்டுவரும்? எங்கேயோ பார்த்த ஆயிரம் ஸ்வெட்டரிலிருந்து ஒன்றைப் பொருத்திவிட்டது. "நல்லாத்தானே மாமா இருக்கு?" என்றான். "உங்கம்மாகிட்ட காட்டு" என்றேன். அக்கா பார்த்த உடனே சொன்னாள்: "இது யாரு ஸ்வெட்டரு?"

பழைய கோப்பையே திறந்து, பெரிதாக்காமல், புள்ளிக்குப் புள்ளி அவன் போனில் வைத்தோம். இன்றைய திரைகளில் அங்குலத்துக்கு 400 புள்ளி இருப்பதால் 640 புள்ளி ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வருகிறது, ஒரு தீப்பெட்டி நீளம்கூட இல்லை. அந்த அளவில் மஞ்சு மஞ்சாகவே இருந்தது. பிறகு அவனே ஆசை தீர மறுபடி பெரிதாக்கி, மூக்குத்தியை எண்ணிப் பார்த்தான். மூன்று புள்ளி. இரண்டு வெள்ளை, ஒன்று லேசான மஞ்சள்.